வலதுலேருந்து ஒட்டின படம்

போன வாரம் எங்க தெருவுக்குக் பட்டன் ஓட்டை தைக்கிற காஜா மெஷின் வந்த கதையில நின்னோம். அது அங்கேயே நிக்கட்டும், எங்கேயும் போயிடாது. இன்னிக்கு வேற ஒரு மத்தியானம் ஞாபகத்துல வந்து உக்காந்திருக்கு. ரொம்பப் பழசெல்லாம் இல்லே. ஊரை ஒட்டிப் போற புதாத்துக் கால்வாய்ல சம்பாவுக்குத் தண்ணி வந்திருந்த சமயம்.

லுஹர் தொழுதுட்டு வந்து கூடத்துல தரையில உக்காந்திருக்கேன். முன்னாடி காக்கிப் பேப்பர், சட்டைக்கு அளவு வெட்டி வைப்போமே, அந்தப் பேப்பர். ஃபேன் காத்துல பறக்காம இருக்க ஒரு மூலையில கத்திரிக்கோல், இன்னொரு மூலையில இஸ்திரிப்பொட்டி. வாய்க்கால் தண்ணியில பட்ட வெயில் ஜன்னல் வழியா உள்ள வந்து மேல மச்சுல ஆடிக்கிட்டிருக்கு. கட்டில்ல என் மருமக ரைஹானா சாஞ்சிருக்கா. வலது கையில மாவுக்கட்டு.

"தலைக்கு ஒரு முட்டை போடுங்க மாமா."

போட்டேன்.

"உடம்புக்கு ஒரு கோடு."

அதையும் போட்டேன். கை கால் போடச் சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். அவ பாத்தா. சிரிப்பை அடக்கிக்கிட்டா.

"மாமா, இது ஆளா, சட்டை பீஸா?"

பாத்தா, நெசமாவே நான் முன்பக்கம் தனியா, கை ரெண்டும் தனியா, காலர்கூட தனியா போட்டு வச்சிருக்கேன். வெட்டித் தைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆயுசு பூரா டெய்லரா இருந்தவன் கை அது. மனுசனைப் போடுன்னா துணியைத்தான் போடும்.

மாவுக்கட்டு வந்த விதம்

ரைஹானா பாக்குற வேலை என்னன்னு முன்னாடி எனக்கே தெரியாது. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி, புள்ளைங்க பாக்குற கார்ட்டூன் படம் எடுக்குறவங்க. இவ வீட்லேருந்தே பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர்ல பேனாவால வரைஞ்சுக்கிட்டிருப்பா. படம் ஓடுறதுக்கு முன்னாடி அது எப்படி எப்படி ஓடணும்னு கட்டம் கட்டமா போட்டுக் காட்டணுமாம். அதுக்கு ஸ்டோரிபோர்டுன்னு பேரு. தைக்கிறதுக்கு முன்னாடி சாக்கால கோடு போடுறோம்ல, அது மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

இத்தனை நாளும் யாரோ எழுதின கரடிக்கும் குரங்குக்கும்தான் கட்டம் போட்டுக்கிட்டிருந்தா. அந்தச் சமயம் கம்பெனியில, வேலை பாக்குறவங்களே சொந்தமா ஒரு சின்னக் கதை கொண்டு வாங்க, புடிச்சதை எடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க. இவ ஒரு கதை வச்சிருந்தா. போர்டு போட்டு அனுப்ப வேண்டிய நேரத்துல, கொல்லையில பம்படிப் பாசியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு போச்சு.

மஸ்கட்லேருந்து என் மகன் போன்ல முகம் காட்டிப் பேசினான். "விடு ரைஹானா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை கேப்பாங்கன்னு உங்ககிட்ட சொன்னாங்களா மச்சான்?"ன்னா.

போனை வச்சுட்டு என் பக்கம் திரும்பினா. "மாமா, உங்களுக்குக் கோடு போட வரும்ல? நான் சொல்லச் சொல்ல ரஃப்பா போடுங்க போதும். அழகா போட அங்க ஆளு இருக்காங்க."

அடுப்படியிலேருந்து எங்க வீட்டம்மா எட்டிப் பாத்தாங்க. "இந்த வயசுல சினிமாவுக்குப் போறீங்களாக்கும். காதுக் கம்மலைக் கழட்டித் தர்றேன், மேக்கப் சாமான் வாங்கிக்குங்க."

எனக்கு ஒரே ஒரு தயக்கம் இருந்துச்சு. சின்ன வயசுல ஓதிக் கொடுத்த எங்க ஹஜ்ரத்து, உசுருள்ளதைக் கண்ணு மூக்கு வச்சு வரையக் கூடாதும்பாரு. அது உள்ள ஊறிப் போயிடுச்சு. "முட்டைக்குக் கண்ணு வேணுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"ரஃப்தானே மாமா, வேணாம்."

அப்ப சரின்னு பென்சிலைச் சீவினேன்.

திரைக்கு அந்தப் பக்கம்

சினிமான்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நான் கடையில பட்டன் கட்டிக்கிட்டிருந்த காலத்துல எங்க ஊர்ல ஒரு கீத்துக் கொட்டகை. கொட்டகைக்காரருக்கு நாங்கதான் சட்டை தைப்போம். அதனால என்னைத் திரைக்குப் பின்னாடி உக்கார விட்டுடுவாரு. அங்க மணலு ஜிலுஜிலுன்னு இருக்கும். துணித் திரைங்கிறதால படம் அந்தப் பக்கமும் தெரியும், ஆனா மாறித் தெரியும். சண்டைக்காரன் எல்லாம் இடது கையால கத்தி சுத்துவான். எழுத்து திரும்பி ஓடும். எனக்குத்தான் தமிழ் எழுத்தே தெரியாதே, திரும்பி ஓடினா என்ன, நேரா ஓடினா என்ன.

ரொம்ப வருஷம் கழிச்சு முன்பக்கம் உக்காந்து பாத்தப்போ, எல்லாரும் தப்பான கையால சாப்பிடுறதை விட்டுட்டு ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சுட்ட மாதிரி இருந்துச்சு. சரி, அது கிடக்கட்டும்.

யாரு கண்ணு

ரைஹானாவோட கதை சின்னதுதான். ஒரு புள்ளையோட அத்தா சபர் போறாரு. எங்க ஜனங்க அப்பாவை அத்தான்னும், வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போறதை சபர்னும்தான் சொல்லுவோம். பெட்டிக்குக் கயிறு கட்டுறாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வர்றாரு. வேன்ல ஏறுறாரு. வேன் ஆத்தோரமா போகுது. புள்ள ஓடுது. வேன் பாலத்துக்கிட்ட சின்னதாயிடுது. அப்புறம் காலி ரோடு. அவ்வளவுதான்.

நான் வாசல்ல அத்தா நிக்கிற கட்டத்தைப் போட்டேன். போட்டோ ஸ்டூடியோவுல நிக்கிற மாதிரி நேரா நிக்க வச்சேன்.

"இதை யாரு பாக்குறா மாமா?"

"நான்தான்."

"நீங்க எங்க நின்னு பாக்குறீங்க?"

"நான் எங்கம்மா நிக்கிறேன்? உக்காந்துல்ல இருக்கேன்."

"அதில்ல மாமா. இந்தப் புள்ள ஒசரம் எவ்வளவு? அது கண்ணுக்கு அத்தா எப்படித் தெரிவாரு?"

எனக்குப் புரியல. தரையில மல்லாக்கப் படுத்து, கட்டில்ல இருந்த அவளை அண்ணாந்து பாத்தேன். கட்டில் கால் பனை மரம் மாதிரி இருந்துச்சு. மாவுக்கட்டு மேகம் மாதிரி மேல தொங்குச்சு. அவ முகம் எங்கேயோ தூரத்துல. ஒரு புள்ளைக்கு ஒலகம் இப்படித்தான் இருக்கும் போலன்னு தோணிச்சு. அப்படியே கிடந்தேன், எந்திரிக்க மனசு வரல.

எங்க வீட்டம்மா தண்ணி கொண்டு வந்தவங்க பதறிப் போய், "அல்லா, விழுந்துட்டீங்களா?"ன்னாங்க.

"இல்லே, கேமரா வைக்கிறேன்"னேன்.

அந்தக் கட்டத்துல அத்தாவோட ரெண்டு காலும் பெட்டியும்தான். பெட்டி வீடு மாதிரி பெருசு. ரைஹானா பாத்துட்டுத் தலையை ஆட்டினா.

இப்படித்தான் படிச்சேன். வைடு ஷாட்டுன்னா முழுத் துணியையும் உதறி விரிச்சுப் பாக்குறது. க்ளோசப்புன்னா காஜாவைக் கண்ணுக்கிட்ட வச்சுப் பாக்குறது. வேன் மட்டும் எனக்கு வரவே இல்லே. முன்னாடி எது, பின்னாடி எதுன்னு தெரியாத தகர டப்பா மாதிரிதான் வந்துச்சு. "பரவாயில்ல, வேன்னு தெரியுது"ன்னுட்டா.

அந்த நாள்ல கண்ணுல பட்டதெல்லாம் கட்டமாத் தெரியும். வாத்துக்காரன் வயலோரமா வாத்து ஓட்டிக்கிட்டுப் போவான், ஜன்னலுக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியேறுவான். வாத்து எல்லாம் போன பின்னாடியும் காலி ஜன்னலைப் பாத்துக்கிட்டிருப்பேன். சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்றது தூக்கத்துலயா நெசத்துலயான்னு புரியாது.

அனுப்பின அன்னிக்கு

ஒவ்வொரு கட்டத்தையும் துண்டுத் துண்டு பேப்பர்லதான் போட்டு வச்சிருந்தோம். அனுப்ப வேண்டிய அன்னிக்கு ரைஹானாவைப் பட்டுக்கோட்டை டாக்டர் வரச் சொல்லியிருந்தாரு. எங்க வீட்டம்மா கூடப் போனாங்க. "வந்து வரிசையா ஒட்டி அனுப்பிடலாம் மாமா"ன்னு சொல்லிட்டுப் போனா.

அங்க கூட்டம். வரல. அஸருக்கு அப்புறம் வீட்டுல வச்சிருக்குற செல்போன் அடிச்சுச்சு. கல்பனான்னு ஒரு பொண்ணு, ரைஹானா கூட வேலை பாக்குறது. "அங்கிள், கதை பாக்குற எங்க சார் கிளம்பிடப் போறார். இருக்கறதை ஒட்டி ஒரே போட்டோவா எடுத்து அனுப்பிடுங்க, ப்ளீஸ்"ங்குது.

கதை எனக்கு மனப்பாடம். நீளமா காக்கிப் பேப்பரை விரிச்சேன். மைதாப் பசை காய்ச்சினேன். ஒவ்வொண்ணா ஒட்டினேன். கோணல் இல்லாம ஸ்கேல் வச்சு ஒட்டினேன். துணி காயப்போடுற கொடியில க்ளிப் போட்டு மாட்டி, தள்ளி நின்னு போட்டோ எடுத்து அனுப்பினேன். எனக்கே ஒரு பெருமை. தீபாவளித் துணி எல்லாம் நேரத்துக்குக் கொடுத்து முடிச்ச மாதிரி.

பொழுது சாஞ்சு மஹ்ரிபு தொழுகை முடிஞ்சு வர்றேன், அவங்களும் வந்து இறங்குறாங்க, போனும் அடிக்குது. ரைஹானா இடது கையால சத்தமா பேசுற பட்டனை அமுக்கினா.

"கதையை மாத்திட்டியாடி? சொல்லவே இல்ல" - கல்பனாதான்.

"எதை மாத்தினேன்?"

"காலி ரோடு. தூரத்துல பாலத்துக்கிட்ட ஒரு வேன். பொண்ணு ஓடறா. வேன் கிட்ட வந்து நிக்குது. அப்பா பெட்டியோட வாசல்ல நிக்கிறார். கடைசியில உக்காந்து கயித்தை அவுக்கறார். போற கதைன்னா சார் யோசிச்சிருப்பார். வர்ற கதைன்னா இதையே எடுக்கலாம்ங்கறார். காலையில சொல்லிடு, இதுதான் கதைன்னு."

ரைஹானா போனை வச்சுட்டுக் கொடியைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"எந்தப் பக்கத்துலேருந்து ஒட்டினீங்க மாமா?"

"வலதுலேருந்து. வேற எங்கேருந்து ஒட்டுவாங்க?"

நான் படிச்ச ஒரே எழுத்து

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லே. போனது ஓதுற பள்ளிக்கு மட்டும்தான். பலகையில மை தொட்டு அலிஃபு, பே, தேன்னு அரபு எழுத்து எழுதிக் கொடுப்பாங்க. அர்த்தம் தெரியாது, ஓதத் தெரியும். அது வலதுலேருந்து இடது பக்கமா போகும். புஸ்தகத்தையே நீங்க கடைசின்னு நினைக்கிற பக்கத்துலேருந்துதான் தொறப்போம். எனக்கு ஆரம்பம்னா வலதுதான், கம்பெனிக்காரங்களுக்கு இடது. பஸ் போர்டுல ஊர்ப் பேரைக்கூட எழுத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டேன், அதோட உருவத்தைப் பாத்துத்தான் ஏறுவேன்.

என் முட்டைக்குக் கண்ணு இல்லே, ஆளு போறாரா வர்றாரான்னு தெரியாது. என் வேனுக்கு முன்னாடி பின்னாடி இல்லே. அதனால போன மனுசன் எந்தத் தடையும் இல்லாம திரும்பி வந்துட்டாரு.

"நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுறேன்மா, கிழவன் மாத்தி ஒட்டிட்டேன்னு"ன்னேன்.

அவ திட்டல. திட்டியிருந்தா தேவலாம். கட்டில்ல உக்காந்து மெதுவா சொன்னா.

"அவங்களுக்கு வர்ற கதைதான் வேணுமாம் மாமா. போற கதைன்னா எடுக்க மாட்டாங்க. ஆனா எங்க அத்தா வரலையே. வந்த மாதிரி நான் எப்படிப் போடுவேன்?"

அவ அத்தா சவுதியில இருந்தவரு. இவ சின்னப் புள்ளையா இருக்குறப்பவே அங்கேயே மவுத்தாயிட்டாரு, அங்கேயே அடக்கம். இது எங்களுக்குப் பொண்ணு கேக்கப் போனப்பவே தெரியும். ஆனா கட்டத்துல நான் போட்டுக்கிட்டிருந்த கால் அவரோட கால்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"நான் ஓடினேன் மாமா. அத்தாவைப் பத்தி எனக்கு இருக்குற ஞாபகமே அது ஒண்ணுதான். வேனுக்காக ஓடினேன். கால்ல கருவ முள்ளு குத்தினதுகூட இப்பவும் வலிக்குது. அதை மாத்தினா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு? கம்பெனியில வேணாம்னு சொல்லிடுறேன்."

பேப்பரைக் கழட்டட்டுமான்னேன். இருக்கட்டும்னா.

கொடியோட ரெண்டு பக்கம்

விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல முத்துப்பேட்டைலேருந்து சம்பந்தியம்மா வந்துட்டாங்க, மக கையைப் பாக்க. ஒரு தூக்குல இடியாப்பம், ஒரு தூக்குல தேங்காப்பால். என்னைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க, எங்க பக்கம் அண்ணனுக்கு அதான் பேரு.

கரண்ட் போயிருந்துச்சு. கூடத்துல கொல்லை வெளிச்சம் மட்டும். கொடியில நீளமா பேப்பர் தொங்குறதைப் பாத்துட்டு, "என்ன காக்கா, திரும்பக் கடை போட்டுட்டீங்களா?"ன்னாங்க.

"உங்க மக எழுதின கதை. நான் போட்ட படம்."

முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டுக் கிட்ட போனாங்க. நேரா வலது கோடிக்குத்தான் போனாங்க. அவங்களும் என்னை மாதிரி ஓதுற பள்ளியோட நின்னவங்க. அங்கேருந்து ஒவ்வொரு கட்டமா, எழுத்துக் கூட்டுற மாதிரி வாயை அசைச்சுக்கிட்டே வந்தாங்க. ரைஹானா இடது கோடியில, காலி ரோட்டுக்கிட்ட நின்னு அம்மாவையே பாத்துக்கிட்டிருந்தா.

பெட்டியைப் பாத்ததுமே அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நடை மெதுவாச்சு. வாசல் கட்டத்துக்கிட்ட கொஞ்சம் நின்னாங்க. வேனைத் தாண்டினாங்க. ஓடுற புள்ளைக்கிட்ட வந்து விரலை வச்சாங்க.

"இது யாரு? நீயா?"

"ஆமாம்மா."

"நீ எங்கடி ஓடினே?"

"அத்தா போனப்போ. வேன் பின்னாடி."

"நல்லா ஓடினே. அவரு கடைசியா போனப்போ நீ தூங்கிக்கிட்டில்ல இருந்தே. விடியறதுக்குள்ள, சுபுஹுக்கு முன்னாடியே வேன் வந்துடுச்சு. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவ அழுதா எனக்குக் கால் நகராதுன்னுட்டாரு. உன் தலைமாட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

ரைஹானாவுக்கு முகம் வெளிறிப் போச்சு. "முள்ளு குத்துச்சே"ன்னா, சின்னப் புள்ள குரல்ல.

"குத்துச்சு. யாரு இல்லேன்னா? அது அவரு முதல் லீவுல வந்தன்னிக்கு. நீ கைக்குழந்தையா இருந்தப்ப போனவரு. உனக்கு முகமே தெரியாது. வேன் பாலத்துல திரும்புறதைப் பாத்துட்டு, அத்தா அத்தான்னு ஆத்தோரமா ஓடினே. முள்ளு குத்தி நொண்டிக்கிட்டே ஓடினே. அவரு வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டுலயே உக்காந்து முள்ளை எடுத்து விட்டாரு. அதுக்கு அப்புறம்தான் வீட்டுக்கே வந்தாரு."

ரைஹானா இடது பக்கத்துலேருந்து வர ஆரம்பிச்சா. காலி ரோடு. பாலத்துக்கிட்ட வேன். அம்மா நிக்கிற கட்டத்துக்கிட்ட வந்ததும் அவங்க தோள்ல இவ தோள் இடிச்சுது. அங்கேயே நின்னுட்டா. அம்மா தள்ளிக்கவும் இல்லே.

"அப்புறம் என்ன ஆச்சும்மா?"

"அப்புறம் என்ன, பெட்டியைப் பிரிக்கணும்னு ஒரே ரகளை. கயித்துல அத்தனை முடிச்சு. அவரு சாவகாசமா அவுக்குறாரு. உனக்குப் பொறுக்கல, பல்லால கடிச்சே. ஆடிக்கிட்டிருந்த பாலுப்பல்லு கயித்தோட வந்துடுச்சு. அழுவேன்னு பாத்தோம், அழுவல. எடுத்து அவரு உள்ளங்கையில வச்சே. அடுத்த தடவை கிளம்புறப்போ, பாஸ்போட்டு வைக்கிற உள்பையில அதைப் போட்டுக்கிட்டுப் போனாரு." பெட்டிக் கட்டத்தைத் திரும்பிப் பாத்தாங்க. "அப்புறம் அங்கேருந்து அவரு சாமான் எல்லாம் வந்துச்சு. சட்டைகூட வந்துச்சு. பல்லு வரல. அவருகிட்டதான் இருக்கும்."

ரைஹானா வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தா. நாக்கு உள்ள பல்லைத் தடவித் தடவித் தேடுறது கன்னத்துல தெரிஞ்சுச்சு.

இடியாப்பம் ஆறிக்கிட்டிருந்துச்சு. எங்க வீட்டம்மா தட்டை எடுக்கப் போன மாதிரி உள்ள போயிட்டு, ரொம்ப நேரம் வரல.

ரைஹானா போனை எடுத்தா. "கல்பனா, இதுதான் கதை. இடதுலேருந்தே படிங்க. கடைசியில இன்னும் ஒரு கட்டம் வரும்னு சார்கிட்ட சொல்லு. மாமா போட்டுக்கிட்டிருக்காரு."

நான் எங்க போட்டுக்கிட்டிருந்தேன்? அவ சொன்ன பின்னாடிதான் பென்சிலைத் தேடினேன். உள்ளங்கை எனக்கு வராது. அதனால என் இடது கையைப் பேப்பர் மேல விரிச்சு வச்சு, அளவுத் துணியைச் சுத்திக் கோடு இழுக்குற மாதிரி சுத்தி இழுத்தேன்.

"பல்லை எப்படிம்மா போடுறது?"

"அரிசி மாதிரி போடுங்க மாமா."

கை நடுவுல ஒரு அரிசி போட்டேன். சம்பந்தியம்மா குனிஞ்சு பாத்தாங்க.

"இவ்வளவு பெருசு இல்ல காக்கா. இன்னும் சின்னதா."

அழிச்சுட்டு நொய் அளவுக்குப் போட்டேன்.